கோர்கைராவில் பற்றிய தீ

நண்பர்களே, கி.மு. 427-இல் கோர்கைரா தீவில், இன்றைய கோர்ஃபுவில், ஒரு வழக்கு நடந்தது. மக்களாட்சி அணித் தலைவர் பெய்தியாஸ் ஊரை ஏதென்ஸுக்கு அடிமையாக்கப் பார்க்கிறார் என்று எதிரணி அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அவர் விடுதலையானார். சரி என்று அத்தோடு விட்டாரா? எதிரணியின் பெரும் பணக்காரர்கள் ஐந்து பேர் மீது பதில் வழக்குப் போட்டார். கோயில் நிலத்தில் திராட்சைக் கொடிக்குக் கொம்பு வெட்டினார்கள் என்று குற்றச்சாட்டு. ஒவ்வொரு கொம்புக்கும் ஒரு ஸ்டேட்டர், அதாவது ஒரு கிரேக்க நாணயம், அபராதம். தொகை மலைக்க வைத்தது. கோயிலில் தஞ்சம் புகுந்து தவணை கேட்டார்கள். பெய்தியாஸ் மசியவில்லை. அப்புறம் அவர்கள் குத்துவாளோடு ஆட்சிமன்றத்துக்குள் புகுந்து அவரையும் சுமார் அறுபது பேரையும் கொன்றார்கள்.

இந்தக் கொம்பு விவகாரத்தை, இதையெல்லாம் எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் விட்டுவிட்டு நேரே படுகொலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. யார் முதலில் என்ன செய்தார், அதற்கு மற்றவர் என்ன செய்தார் என்று வரிசை தவறாமல் எழுதுகிறார். நம் சண்டைகளை நாம் சொல்லும்போது முதலில் காணாமல் போவது இந்த வரிசைதான்.

பின்பு மக்களாட்சி அணியின் கை ஓங்கியது. ஹீரா தேவியின் கோயிலில் தஞ்சம் புகுந்த எதிரணியினரில் ஐம்பது பேரை விசாரணைக்கு வரச் சொல்லி, எல்லோருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனைக் கொன்றான். தகப்பன் மகனைக் கொன்றான். எந்தப் பக்கமும் சேராதவர்களை இரு பக்கமும் அழித்தன. இந்தக் கொலைகள் நடந்த ஏழு நாளும் ஏதென்ஸின் தளபதி யூரிமெடான் அறுபது கப்பல்களோடு அங்கேயே இருந்தார். இதை எழுதிய தூசிடிடீஸும் ஏதென்ஸின் தளபதியாக இருந்தவர். தன் ஊர் என்று அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மையைத்தான் நான் இன்று உங்களிடம் கேட்கிறேன்.

கி.மு. 403-இல் ஏதென்ஸே இரண்டாகப் பிளந்தது. அப்போது ஏதென்ஸை ஆண்ட முப்பது பேரின், அதாவது முப்பதின்மரின், கொடுங்கோலாட்சியை எதிர்த்தவர்கள் பிரேயஸ் துறைமுகத்தருகே வென்றார்கள். விழுந்தவர்களின் ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்கள். சக குடிமக்களின் உடலிலிருந்து ஆடையை மட்டும் உருவவில்லை என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் செனஃபோன். வென்ற பக்கத்திலிருந்து கிளியோக்ரிட்டஸ் என்பவர் தோற்றவர்களைப் பார்த்துப் பேசினார்: ஒன்றாகத் திருவிழா கொண்டாடினோமே, ஒன்றாகப் படித்தோமே, ஒன்றாகப் போருக்குப் போனோமே, ஏன் எங்களைக் கொல்கிறீர்கள்?

சில மாதங்களில், பழைய பகையைக் கிளறமாட்டோம் என்று இரு பக்கமும் சத்தியம் செய்தார்கள். முப்பதின்மருக்கும் அவர்களிடம் பதவியில் இருந்த சிலருக்கும் மட்டும் அது பொருந்தாது. அவர்களும்கூட, தாங்கள் செய்தவற்றுக்குக் கணக்கு ஒப்புவித்தால் ஊரில் இருக்கலாம் என்று விட்டுவைத்தார்கள்.