வெள்ளை பிரவுனியின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுகளைப் பிறகு நிதானமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் கெடுத்த ஒரு பிரவுனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டார்க் சாக்லேட்டில் செய்யும் பிரவுனி எனக்கு நன்றாகவே கைவந்திருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அளவு சொல்வேன். ஒருநாள் மகள் கேட்டாள், “அம்மா, இதையே வெள்ளை சாக்லேட்டில் செய்தால் என்ன?” செய்தால் போயிற்று என்று அதே வெண்ணெய், அதே சர்க்கரை, அதே மாவு எடுத்தேன். 200 கிராம் டார்க்குக்குப் பதிலாக 200 கிராம் வெள்ளையை உருக்கி ஊற்றி அவனில் வைத்துவிட்டேன். 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் நடுவில் குளம், ஓரம் முழுக்க நெய் கொதிக்கிறது. ஆறவைத்து ஒரு துண்டு வாயில் போட்டால் பல் கூசும் தித்திப்பு. மகள் என் முகத்துக்காக இரண்டாவது வாய் எடுத்தாள். மூன்றாவது எடுக்கவில்லை.

தப்பு எங்கே என்று பார்க்க, அந்த சாக்லேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. டார்க் சாக்லேட் என்பது கோகோ விதையின் கொழுப்பும், அந்த விதையின் கசப்பான பழுப்புப் பொடியும், சர்க்கரையும் சேர்ந்தது. வெள்ளை சாக்லேட்டில் அந்தப் பழுப்புப் பொடி கிடையாது. கோகோ வெண்ணெய், சர்க்கரை, பால் திடப்பொருள், கொஞ்சம் வெனிலா, அவ்வளவுதான். 70 சதவீத டார்க் 200 கிராம் எடுத்தால் அதில் ஏறக்குறைய 60 கிராம் அந்தப் பொடி இருக்கும். கலவையில் இருக்கும் ஈரத்தையும் கொழுப்பையும் மாவோடு சேர்ந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது அதுதான். நான் அந்த 60 கிராமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏதும் போடவில்லை. சர்க்கரையோ, டார்க்கில் 60 கிராம் இருந்த இடத்தில் வெள்ளையில் 100 கிராமுக்கு மேல் இருக்கும். கசப்பும் போய்விட்டது, இனிப்பும் கூடிவிட்டது. பிறகு குளம் கட்டாமல் என்ன செய்யும்?

ஆக, வெள்ளை பிரவுனி என்பது டார்க் பிரவுனிக்கு வெள்ளையடித்தது இல்லை. மாவைக் கூட்ட வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், உப்பில் கஞ்சத்தனம் கூடாது. சூட்டையும் கொஞ்சம் தணிக்க வேண்டும்.

கோகோப் பொடி இல்லாததற்குப் பிரவுனி என்று பெயரா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. பழுப்புச் சர்க்கரை போட்டுச் செய்வதை பிளாண்டி என்று தனிப்பெயர் வைத்தே அழைக்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள். ஆனால் ஒரு செய்தி: அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் பிரவுனி என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் சாக்லேட்டே இல்லை. மொலாசஸ் பாகு ஊற்றிச் செய்த சின்னச் சின்ன கேக்குகள் அவை. 1906 பதிப்பில்தான் சாக்லேட் பிரவுனி வருகிறது. பெயர் முதலில், சாக்லேட் அப்புறம்.

சரி, இப்போது அளவு. எழுதிக்கொள்ளுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம். வெள்ளை சாக்லேட் மொத்தம் 250 கிராம்: அதில் 150 கிராம் உருக்குவதற்கு, 100 கிராம் துண்டுகளாகப் போடுவதற்கு. சர்க்கரை 100 கிராம். முட்டை இரண்டு, ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்தது. மைதா 140 கிராம். உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேண்டாம். போட்டால் கேக் போல உப்பிவிடும், பிரவுனியின் அந்த அடர்த்தி வராது. 20 சென்டிமீட்டர் சதுர ட்ரே ஒன்று, அதற்குள் நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பட்டர் பேப்பர்.

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்று போட்டிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெள்ளை சாக்லேட் என்று சொல்லி விற்க வேண்டுமானால் கோகோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. காம்பவுண்ட் என்று வருவதில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. மேலே தூவ அது போதும், உருக்குவதற்கு எடுக்காதீர்கள். சிப்ஸ் என்று வரும் சின்ன முத்துகளும் அப்படித்தான். சூட்டில் உருவம் கலையாமல் இருப்பதற்காகச் செய்தவை, உருக்கப் போனால் களிபோல் கெட்டியாகி நம்மை வேடிக்கை பார்க்கும்.

உருக்குவதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்கும் கொஞ்சம் கீழே, உருகிவிடும். அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அதற்குப் பெரிய தீயே தேவையில்லை. சர்க்கரையும் பாலும் நிறைய இருப்பதால் சூடு கொஞ்சம் ஏறினாலும் திப்பி திப்பியாகி அடிபிடிக்கும். நான் செய்வது இது: வெண்ணெயை மட்டும் உருக்கி அடுப்பை அணைத்துவிடுவேன். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி அதில் போட்டு, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு கிளறுவேன். கிண்ணமும் கரண்டியும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக விழுந்தால் போதும், சர்க்கரையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்ததும் சில நேரம் எண்ணெய் பிரிந்து நிற்கும். பயந்து கொட்டிவிடாதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் சர்க்கரையைப் போட்டு, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி விஸ்க்கால் அடியுங்கள். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்துக் கலவையைப் பளபளவென்று ஆக்கிவிடும். இந்த இடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக அடித்தால் சர்க்கரை நன்றாகக் கரையும். மேலே காகிதம் போல ஒரு மெல்லிய பொருக்கு வருகிறதே, அது இங்கே கிடைப்பதுதான்.

அதன்பிறகு எசென்ஸ், உப்பு, சலித்த மைதா. இங்கே மட்டும் அடிக்கக் கூடாது. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை கரண்டியால் மடித்துவிட்டால் போதும். துண்டுகளைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கடைசியில் சேருங்கள், சூட்டில் உடனே கரையாது. மேலே துருத்திக்கொண்டிருக்கும் துண்டுகளை உள்ளே அமுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை முதலில் கருகும். தித்திப்பை வெட்ட எலுமிச்சைத் தோலின் துருவலோ, ஒரு பிடி புளிப்பான கிரான்பெர்ரியோ போடலாம். நான் துருவல் கட்சி.

170 டிகிரி, 28லிருந்து 32 நிமிடம். ஆனால் அவனை அப்படியே நம்பிவிடாதீர்கள். அடுப்பைத்தான் சொல்கிறேன்! குமிழில் 170 என்று இருக்கும், உள்ளே 190 ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

வெந்ததா என்று பார்ப்பதில் வெள்ளை பிரவுனி நமக்கு ஒரு சலுகை தருகிறது. டார்க் பிரவுனி கருகினாலும் அதன் நிறம் அதைக் காட்டிக்கொடுக்காது. இது மறைக்காது. வானொலியில் நிறத்தைக் காட்ட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும்: நடுப்பகுதி காய்ந்த வைக்கோல் நிறம், ஓரம் அதைவிட ஒரு படி அதிகமாக, பொன்னிறம். ட்ரேயை லேசாக ஆட்டினால் நடுவில் ஒரு சின்ன நடுக்கம் இருக்க வேண்டும், அலை அடிக்கக் கூடாது. குச்சியைக் குத்தினால் ஈரத் துணுக்கு ஒட்டலாம். குச்சி சுத்தமாக வந்தால் ஏற்கெனவே தாமதம். மேல் சீக்கிரம் சிவந்துவிட்டால் ஃபாயில் ஒன்றைத் தளர்வாக மூடுங்கள்.

தித்திப்பு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். உருக்கப் போகும் சாக்லேட்டை முதலில் ஒரு தட்டில் பரப்பி, 120 டிகிரியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். நடுவில் மணல்போல உதிரும், கெட்டுப்போயிற்று என்று தோன்றும். தேய்த்துக் கிளறிக்கொண்டே இருந்தால் திரும்ப இளகும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பழுப்பாகி, பாலைச் சுண்டக் காய்ச்சியது போல மணக்கும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து செய்யும் வேலை அது. பிரான்ஸின் வால்ரோனா நிறுவனம் 2012இல் இப்படிப்பட்ட சாக்லேட்டை டல்சே என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. கோகோ வெண்ணெய் குறைவான சரக்கில் இதை முயல வேண்டாம், அது கடைசிவரை மணலாகவே நிற்கும்.

வெளியே எடுத்ததும் வெட்டத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். கோகோ வெண்ணெய் ஆறி இறுகினால்தான் துண்டு துண்டாக நிற்கும். இரண்டு மணி நேரம் வெளியே, அப்புறம் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். காகிதத்தின் நுனிகளைப் பிடித்து அப்படியே தூக்கி, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும்.

சதுர ட்ரேயில் மூலைத் துண்டு நான்குதான் வரும், இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று. எங்கள் வீட்டில் அதில் ஒன்று செய்தவருக்கு, மற்ற மூன்றுக்கும்தான் போட்டி. அந்த முதல் நாள் பிரவுனியை இரண்டு வாயோடு நிறுத்திய மகள் இப்போது தானே செய்கிறாள், அந்த ஒரு மூலைக்காக. நன்றி, வணக்கம்.