தற்காலிகமாக வந்தவர்கள்

வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதனால் பாராட்டு, நன்றி எல்லாவற்றையும் தாண்டி நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மேற்கு நாடுகளில் முஸ்லிம்கள் குடியேறியதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பிரான்சின் கதை அல்ஜீரியாவை ஆண்டதிலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனின் கதை நம்மையெல்லாம் ஆண்டதிலிருந்து. ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் நடுவே அப்படிப்பட்ட பழைய கணக்கு எதுவும் கிடையாது. ஆள் வேண்டும் என்று ஒரு அரசு கேட்டது, அனுப்புகிறேன் என்று இன்னொரு அரசு கையெழுத்துப் போட்டது. இவ்வளவு சாதாரணமாகத் தொடங்கிய ஒரு ஏற்பாடு ஏன் இவ்வளவு கசந்துபோனது? இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

2010 அக்டோபரில் போட்ஸ்டாம் நகரத்தில், தன் கட்சியின் இளைஞர் அணிக் கூட்டத்தில் ஜெர்மனியின் அன்றைய பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் பேசினார். பல பண்பாட்டு மக்களும் அருகருகே அவரவர் பாட்டுக்கு மகிழ்ச்சியாக வாழ்ந்துவிடலாம் என்ற முயற்சி தோற்றுவிட்டது, அடியோடு தோற்றுவிட்டது என்றார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் குடியரசுத் தலைவர் கிறிஸ்டியான் வுல்ஃப், இஸ்லாமும் இப்போது ஜெர்மனியைச் சேர்ந்ததுதான் என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் மியூனிக் வரை வந்து, பிரிட்டனைப் பற்றி ஏறக்குறைய மெர்க்கலின் பாட்டையே பாடினார். அன்றிலிருந்து பன்முகப் பண்பாடு தோற்றுவிட்டது என்பது யாரும் சரிபார்க்காமல் சொல்லும் வாசகம் ஆகிவிட்டது.

தோற்பதற்கு முதலில் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஜெர்மனி எப்போது இறங்கியது?

1961 அக்டோபர் 30-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலியோடு 1955-லேயே செய்தாயிற்று, ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடு 1960-ல். பெர்லின் சுவர் எழும்பிய பிறகு கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஆட்களும் நின்றுபோனார்கள். துருக்கியரோடு போட்ட ஒப்பந்தத்தில் மட்டும் தனியாக ஒரு நிபந்தனை இருந்தது: இரண்டு வருடம் வேலை, பிறகு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆள் வருவான்.

இஸ்தான்புல்லில் ஜெர்மன் அரசு ஒரு அலுவலகம் திறந்திருந்தது. அங்கே எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆண்கள் உள்ளாடையோடு வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறார். இரத்தம், சிறுநீர், நுரையீரல் படம் எல்லாம் உண்டு. தேறியவர்களுக்கு வேலை ஒப்பந்தமும் ரயில் சீட்டும். சிர்கெசி ரயில் நிலையத்தில் ஏறினால், கிட்டத்தட்ட மூன்று நாள் உட்கார்ந்தபடியே பயணம், மியூனிக் நிலையத்தின் 11-ஆம் நடைமேடையில் இறங்க வேண்டும். அந்த நடைமேடைக்கு அடியில் போர்க்காலத்துப் பதுங்கு அறை ஒன்று இருந்தது. வந்தவர்களை அதற்குள் அழைத்துப்போய், சாப்பாடு கொடுத்து, பெயர் கூப்பிட்டு, கம்பெனிவாரியாகப் பிரித்து அனுப்பினார்கள். ரயிலிலிருந்து கூட்டமாக இறங்கும் ஆட்கள், பெயர்ப் பட்டியல். நாஜிக் காலத்தை நினைவுபடுத்தும் காட்சி. போர் முடிந்து இருபது வருடம் ஆகாத ஜெர்மனியில் அதை ஊர் பார்க்க நடைமேடையில் வைத்துச் செய்ய அதிகாரிகளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டு வருட நிபந்தனையை உடைத்தது யார் தெரியுமா? மனித உரிமைக்காரர்கள் இல்லை, முதலாளிகள். வேலை கற்றுக்கொடுத்து, ஆள் தேறி வரும் நேரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது நஷ்டம் என்று முறையிட்டார்கள். 1964-ல் நிபந்தனை போனது. ஆனால் நினைப்பு போகவில்லை. இவர்கள் தற்காலிக ஆட்கள் என்ற நினைப்பு.

ஜெர்மன்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. துருக்கியரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு டிராக்டர் வாங்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் போதும், வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டால் போதும், போய்விடலாம். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு கூட்டி வந்தார்கள், பிறகு திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பெட்டி மாதிரி போய் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஜெர்மனியில் 'பெட்டிப் பிள்ளைகள்' என்றே பெயர். துருக்கித் தலைநகரான அங்காராவில் இருந்த அரசுக்கோ மாதாமாதம் வரும் ஜெர்மன் நாணயமான மார்க் முக்கியம். ஆக மூன்று தரப்புக்கும் 'திரும்பிப் போவார்கள்' என்ற பொய் வசதியாக இருந்தது.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. 1973 வரை எல்லா நாடுகளிலிருந்தும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் வேலைக்கு வந்தார்கள், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பியும் போனார்கள். மீதிப் பேரைத்தான் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1973 ஆகஸ்டில் கொலோன் நகரத்து ஃபோர்டு ஆலையில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு வார விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு துருக்கியின் அனடோலியாவுக்குப் போய் வருவதற்குள் பல நாள் சாலையிலேயே போய்விடும். தாமதமாகத் திரும்பிய சுமார் 300 துருக்கியரை ஆலை வேலையை விட்டு நீக்கியது. அவர்களுடைய வேலையும் சேர்ந்து மற்றவர்கள் தலையில் விழுந்தது. கடைசி அசெம்பிளி லைனில், முதுகொடியும் இடத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் துருக்கியர்தான். வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். நீக்கியவர்களைத் திரும்ப எடு, மணிக்கு ஒரு மார்க் கூட்டிக் கொடு என்றார்கள். தொழிற்சங்கம் கூட நிற்கவில்லை, பத்திரிகைகள் துருக்கியர் ரகளை என்று எழுதின, ஒரு வாரத்துக்குள் போலீஸ் வந்து முடித்துவைத்தது. கவனித்தீர்களா, அந்த வேலைநிறுத்தத்தில் மசூதி கிடையாது, முக்காடு கிடையாது. லைன் வேகமும் கூலியும்தான். அன்று அவர்களுக்குப் பெயர் தொழிலாளி. 'முஸ்லிம்' என்று கூப்பிடத் தொடங்கியது பிறகுதான்.

அதே வருடம் நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஆள் சேர்ப்பதையே அரசு நிறுத்திவிட்டது. கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். இத்தாலிக்காரருக்கு ஐரோப்பியச் சமூகத்துக்குள் போக வர உரிமை இருந்தது. துருக்கியருக்கு இல்லை. ஒரு தடவை ஊருக்குப் போனால் மறுபடி நுழைய முடியாது. அப்புறம் யார் போவார்கள்? மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1973-ல் சுமார் 9 லட்சமாக இருந்த துருக்கியர் 1980களின் தொடக்கத்தில் 15 லட்சம். கதவைச் சாத்தியதால் கூடிய கூட்டம் அது.

இதை ஒருவர் அன்றைக்கே பார்த்தார். ஹெய்ன்ஸ் கூன், முன்னாள் மாகாண முதலமைச்சர். வெளிநாட்டினர் நலனுக்காக மத்திய அரசு நியமித்த முதல் பிரதிநிதி. 1979-ல் அவர் கொடுத்த அறிக்கை சொன்னது: இவர்கள் குடியேறிவிட்டார்கள், ஒத்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வாங்கும் உரிமை கொடுங்கள், உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுக் கொடுங்கள், பள்ளிகளைச் சரி செய்யுங்கள். அறிக்கையைப் பரணில் போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பிரதமரான ஹெல்முட் கோல், மார்கரெட் தாட்சரிடம் தனியாகப் பேசும்போது துருக்கியர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இதை இன்னும் வெளியே சொல்ல முடியாது என்றார். அந்தப் பேச்சின் குறிப்பு 2013-ல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளியே வந்தது. 1983-ல் சட்டமே போட்டார்கள். குடும்பத்தோடு திரும்பிப் போனால் 10,500 மார்க், பிள்ளைக்கு 1,500 மார்க். ஓய்வூதியத்துக்குத் தொழிலாளி கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும், முதலாளி கட்டிய பங்கு கிடைக்காது. பலர் போனார்கள். போகாதவர்களே அதிகம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். போகப்போகிற பிள்ளைக்கு எதற்கு ஜெர்மன்? பவேரியாவில் துருக்கிப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைத்துத் துருக்கி மொழியில் பாடம் நடத்தினார்கள், ஊருக்குத் திரும்பினால் சிரமப்படக் கூடாதாம். பல மாகாணங்களில் தாய்மொழி வகுப்புக்கு ஆசிரியரைத் துருக்கித் தூதரகமே அனுப்பியது. தொழுகைக்கு ஆலைக் கொல்லைப்புறமும் பழைய கிடங்கும். இமாமை யார் அனுப்புவது? அதையும் அங்காராவே பார்த்துக்கொள்ளட்டும். 1984-ல் கொலோனைத் தலைமையிடமாக வைத்து டிடிப் என்ற மசூதிகளின் கூட்டமைப்பு உருவானது. இன்று சுமார் 900 மசூதிகள் அதன்கீழ். இமாம்கள் துருக்கி அரசின் சம்பளக்காரர்கள், சில வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், பலருக்கு ஜெர்மன் தெரியாது. அன்றைய தலைநகரான பான் நகரத்திலிருந்த மேற்கு ஜெர்மன் அரசுக்கு இதில் ஒரு நிம்மதி, அங்காரா அன்று மதச்சார்பற்ற அரசாயிற்றே. அங்காராவில் ஆட்சி மாறியபோது அந்த நிம்மதி தலைவலியானது. 2017-ல் சில இமாம்கள், அங்காரா எதிரியாகக் கருதிய குலென் இயக்கத்தவரை வேவு பார்த்து அங்காராவுக்கு எழுதினார்கள் என்று சந்தேகித்து வீடுகளைச் சோதனை போட்டார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. இமாம்களை ஜெர்மனியிலேயே பயிற்றுவித்து, அங்காராவிலிருந்து வருபவர்களைப் படிப்படியாக நிறுத்துவது என்ற உடன்பாடு 2023 டிசம்பரில்தான் வந்தது. ஒப்பந்தம் போட்டு அறுபத்திரண்டு வருடம் கழித்து!

தனி வகுப்பு, தனித் தெரு, வெளிநாட்டு இமாம். இதையெல்லாம் காட்டித்தான் பன்முகப் பண்பாடு தோற்றது என்கிறார்கள். இது பன்முகப் பண்பாட்டுக் கொள்கை இல்லை ஐயா, நாளைக்குப் போய்விடுவான் என்ற கொள்கை.

குடியுரிமையையும் பாருங்கள். 1913-ஆம் வருடச் சட்டம் இரத்த வழியைத்தான் பார்த்தது. முன்னோர் ஜெர்மானியர் என்று காட்டினால், கஜகஸ்தானிலிருந்து வந்து ஜெர்மன் தட்டுத் தடுமாறிப் பேசுபவருக்கும் பாஸ்போர்ட் உண்டு. பெர்லினில் பிறந்து பெர்லின் கொச்சை பேசும் துருக்கிப் பையன் வெளிநாட்டுக்காரன். 2000-ல்தான் மண்ணில் பிறந்தவருக்கும் வழி திறந்தது. அதையும் இரட்டைக் குடியுரிமைக்கு எதிராக 1999-ல் ஹெஸ்ஸே மாகாணத்தில் நடந்த கையெழுத்து இயக்கம் பாதியாக்கிவிட்டது. "துருக்கியருக்கு எதிராக எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளே எழுதின.

சரி, எல்லாத் தப்பும் அரசுடையதா? இல்லை. 2005 பிப்ரவரியில் ஹாதுன் சுருஜு என்ற 23 வயதுப் பெண்ணை அவருடைய தம்பியே பெர்லின் பேருந்து நிறுத்தத்தில் சுட்டுக் கொன்றான். ஊரில் கட்டிவைத்த திருமணத்தை விட்டு வந்து, முக்காட்டை எடுத்துவிட்டு, மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் பயிற்சி முடிக்கப்போகிற பெண். பக்கத்துப் பள்ளி ஒன்றில் சில மாணவர்கள் அவள் ஜெர்மன்காரி மாதிரி வாழ்ந்தாள், அதனால் சரிதான் என்று சொன்னார்களாம். இதற்கு 1913 சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. பண்பாடு என்று பெயர் சூட்டி இதைப் பேசாமல் விட்ட முற்போக்காளர்களும் உண்டு. அவர்களை நம்மூரிலும் பார்த்திருக்கிறேன். செய்ரான் அதேஷ் போன்ற துருக்கி வம்சத்துப் பெண் வழக்கறிஞர்கள்தான் இதைத் துணிந்து பேசினார்கள், இன்று அவர் போலீஸ் காவலோடு நடமாடுகிறார்.

இன்னொரு பக்கம் சோலிங்கன் நகரம். 1993 மே மாதம் கெஞ்ச் என்ற துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்கு நவநாஜி இளைஞர்கள் தீ வைத்தார்கள். ஐந்து பேர், பெண்களும் சிறுமிகளும், இறந்தார்கள். இரண்டு மகள்களையும் இரண்டு பேத்திகளையும் பறிகொடுத்த மெவ்லூதே கெஞ்ச், பழி வேண்டாம் என்றார். ஊரை விட்டுப் போகவும் இல்லை, ஜெர்மன் குடியுரிமை வாங்கி 2022-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 2000 முதல் 2006 வரை எட்டுத் துருக்கியரையும் ஒரு கிரேக்கரையும் ஒரே துப்பாக்கியால் கொன்றார்கள். பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். போலீஸ் போதைப் பொருளா, மாஃபியாவா என்று குடும்பங்களையே குடைந்தது. பத்திரிகைகள் துருக்கி இறைச்சி உணவான டோனரின் பெயரால் 'டோனர் கொலைகள்' என்று பெயர் வைத்தன. 2006-ல் அந்தக் குடும்பங்கள் காசல் நகரத்தில் பத்தாவது பலி வேண்டாம் என்று ஊர்வலம் போயின. யார் கொன்றிருப்பார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அரசுக்கு 2011-ல்தான் தெரிந்தது, நவநாஜிக் கும்பல் என்று.

இடையில் நம்முடைய ஒரு செய்தி. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஈழத்தமிழர் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு 2002-ல் எழும்பியது, தொழிற்பேட்டைக்கு நடுவே. தேர்த் திருவிழாவை ஜெர்மன் குடும்பங்களும் பார்க்க வருகின்றன. கொலோன் மசூதியின் மினாரா உயரத்துக்கோ வருடக்கணக்காகத் தகராறு. இத்தனைக்கும் அதை வரைந்தவர் பவுல் பேம், தேவாலயம் கட்டும் கட்டடக் கலைஞர் குடும்பத்து ஜெர்மானியர். நாம் நல்லவர்கள், அவர்கள் ஒட்டாதவர்கள் என்று சில தமிழர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாம் எண்ணிக்கையில் குறைவு, தொழிற்பேட்டையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

கோவிட் தடுப்பூசி செய்த உகுர் ஷாகினின் அப்பா அதே கொலோன் ஃபோர்டில் வேலை பார்த்தவர். இதை எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உலகத்தைக் காப்பாற்றினால்தான் ஒருவன் ஊர்க்காரன் ஆவானா?

2024 ஜூனில் வந்த சட்டம் இரட்டைக் குடியுரிமையை எல்லோருக்கும் அனுமதித்தது. அன்று ரயிலில் வந்திறங்கிய தலைமுறைக்கு எழுத்துத் தேர்வு வேண்டாம், பேச வந்தால் போதும் என்றது. 2015-ல் வந்த சிரியர்களுக்கு இந்த இழுபறி இல்லை, தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கான மணி நேர மொழி வகுப்பு நடந்தது. 2023-ல் மட்டும் 75,000 சிரியர்கள் குடியுரிமை பெற்றார்கள். பாடம் படித்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். 2024 டிசம்பர் 8-ஆம் தேதி சிரிய அதிபர் அசாத் நாட்டை விட்டு ஓடினார். மறுநாளே மெர்க்கலின் அமைச்சரவையில் இருந்த யென்ஸ் ஷ்பான், திரும்பிப் போக விரும்பும் சிரியருக்கு விமானமும் கையில் 1,000 யூரோவும் கொடுக்கலாமே என்றார். பதறிப்போனவர்கள் மருத்துவமனைகளை நடத்துபவர்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிரிய மருத்துவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், சிறிய ஊர்களில் அவர்கள் போனால் வார்டு நடத்த ஆள் கிடையாது என்று அறிக்கை விட்டார்கள். இந்தத் தடவையும் முதலில் வாயைத் திறந்தது முதலாளிகள்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.