ராலி நடுவுல கார் மக்கர் பண்ணினா யார் எதைப் பார்க்கணும்?

வணக்கம் மக்களே! நீண்ட தூர ராலியில கார் நின்னுடுச்சுன்னா டிரைவர், பக்கத்துல உக்காந்து வழி சொல்ற நேவிகேட்டர்னு ரெண்டு பேரும் ஒண்ணா பானெட்டுக்குள்ள தலையை விடுவாங்க. நேரம் போறதே அங்கதான். ஒருத்தர் காரைப் பார்த்தா இன்னொருத்தர் கடிகாரத்தைப் பார்க்கணும்.

நின்ன உடனே நேவிகேட்டர் இறங்கி, சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டர் பின்னாடி கொண்டுபோய் வைக்கணும். ஸ்பெஷல் ஸ்டேஜா இருந்தா, அதாவது ரோட்டை மூடி வேகத்துக்கு நேரம் எடுக்கிற பகுதின்னா, பின்னாடி வர்ற கார்களுக்கு ‘ஓகே’ அட்டையைக் காட்டணும். இல்லைன்னா உங்களுக்கு அடிபட்டிருக்குன்னு அவங்க நிறுத்துவாங்க.

அடுத்தது கணக்கு. எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி நடக்கிற ராலியில, குறிச்ச நிமிஷத்துக்குப் போய்ச் சேர வேண்டிய டைம் கன்ட்ரோலுக்கு ஒரு நிமிஷம் லேட்டானா 10 செகண்ட் பெனால்ட்டி. ஒரு நிமிஷம் முன்னாடி போனா 60 செகண்ட். அதாவது ஸ்டேஜுக்கு வெளிய ஆறு நிமிஷம் நிதானமா ரிப்பேர் பார்த்தா போறது ஒரே நிமிஷம்தான். ஆனா அதிகபட்ச தாமதத்துக்கு ஒரு எல்லை உண்டு, தாண்டினா ஆட்டம் குளோஸ். அதனால ‘நம்ம கையில 12 நிமிஷம் இருக்கு’ன்னு நேவிகேட்டர் வாய்விட்டுச் சொல்லிடணும்.

சரி, ஓவர்ஹீட்டுக்கு வருவோம். டெம்பரேச்சர் முள்ளு ஏற ஆரம்பிச்சதும் ஏசி ஆஃப், ஹீட்டர் ஃபுல், ப்ளோயர் ஃபுல். ஹீட்டருக்குள்ள இருக்கிறதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், அது கொஞ்சம் சூட்டை இழுத்துக்கும். இங்க ஒண்ணு கவனிங்க: முள்ளு மேல இருக்கு, ஹீட்டர்ல குளிர்ந்த காத்து வருதுன்னா கூலன்ட் சுத்தவே இல்லைன்னு அர்த்தம். அந்த நொடியே இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. அதே மாதிரி, உச்சியில இருந்த முள்ளு சட்டுனு கீழ விழுந்தா சந்தோஷப்படாதீங்க. தண்ணி காலியாகி சென்சார் காத்துல தொங்கினாலும் அப்படித்தான் காட்டும்.

மெதுவா போகும்போது மட்டும் சூடு ஏறுது, வேகம் எடுத்தா இறங்குதா? அப்போ ரேடியேட்டர் ஃபேன் மேலதான் சந்தேகம். முதல்ல ஃப்யூஸ், அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்டை விடுற சின்ன சுவிட்ச். இதோ, ரிலேயைக் கிட்ட காட்டுறேன். அடியில பொடி எழுத்துல 30, 85, 86, 87னு இருக்கு பாருங்க. 30 பேட்டரியில இருந்து வர்ற லைன், 87 ஃபேனுக்குப் போறது, மத்த ரெண்டும் காயில். இதே பின் அமைப்பு, இதே ஆம்பியர்ல காருக்குள்ளயே வேற ரிலே இருந்தா கழட்டி இதுல மாட்டிப் பாருங்க. இல்லைன்னா சாக்கெட்ல 30ஐயும் 87ஐயும் தடியான வயரால சேர்த்துடுங்க, ஃபேன் நிக்காம ஓடும். இன்ஜினை அணைச்சதும் வயரைப் பிடுங்கிடணும், மறந்தா பேட்டரி காலி. ஃபேன் வேகத்தை தனி மாட்யூல் கன்ட்ரோல் பண்ற கார்ல மட்டும் இந்த வேலை வேண்டாம்.

ஹோஸ் கிழிஞ்சிருந்தா எங்க கிழிஞ்சிருக்குன்னு பாருங்க. கிளாம்ப் பக்கத்துல, நுனியிலன்னா, 2 சென்டிமீட்டர் வெட்டிட்டு திரும்ப மாட்டிடலாம். நடுவுலன்னா துடைச்சுக் காயவெச்சு, தன்னோட தானே ஒட்டிக்கிற சிலிக்கான் டேப்பை நல்லா இழுத்து, பாதிக்குப் பாதி மேல ஏறுற மாதிரி சுத்துங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் போன நொடியில உள்ள இருக்கிறது கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். ஆறினதும் தண்ணி ஊத்துங்க. கொதிக்கிற இன்ஜின்ல பச்சத் தண்ணி விட்டா ஹெட் விரிசல் விடலாம்.

பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரைச் சோதிக்க ஒரு வோல்ட்மீட்டர் போதும். ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் இருக்கணும். 12.6க்குக் கீழ இறங்கிட்டே போனா சார்ஜ் ஆகலை. முதல்ல பெல்ட்டைப் பாருங்க, அப்புறம் தேவையில்லாத லோடை எல்லாம் அணைங்க. 55 வாட் ஹெட்லைட் ரெண்டே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் குடிக்கும்.

பங்க்சர் மாத்துறது எல்லாருக்கும் தெரியும். நட்டை ஜாக்கி ஏத்துறதுக்கு முன்னாடியே லூஸ் பண்ணுங்க, மண்ணுன்னா ஜாக்கிக்கு அடியில பலகை போடுங்க, 50 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை இன்னொரு தடவை இறுக்குங்க. பலரும் கோட்டை விடறது அதுக்கப்புறம்தான். ஓடிட்டிருந்த டயர்ல பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர், புது ஸ்டெப்னியில 8னு வெச்சுக்கங்க. ஆரத்துல 5 மில்லிமீட்டர் கூடுது, 310 மில்லிமீட்டர் ஆரத்துக்கு அது 1.6 சதவீதம். தூரத்தை அளக்கிற ட்ரிப்மீட்டரோட சென்சார் அந்த வீல்ல இருந்தா, 10 கிலோமீட்டருக்கு 160 மீட்டர் குறைச்சுக் காட்டும். 60 வேகத்துல அது கிட்டத்தட்ட 10 செகண்ட். பின்தங்கிட்டோம்னு நினைச்சு நேவிகேட்டர் விரட்டுவார், சொன்ன சராசரி வேகத்துலயே போக வேண்டிய ரெகுலாரிட்டியில முன்னாடி போய் மாட்டுவீங்க. ஸ்டெப்னியை சென்சார் இல்லாத வீல்ல போட வழி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வழி விவரம் இருக்கிற ரோடு புக்ல 5 கிலோமீட்டர் இடைவெளியில ரெண்டு அடையாளம் பிடிச்சு, ஓட்டிப் பார்த்து, ட்ரிப்மீட்டரோட கேலிபரேஷன் நம்பரைத் திருத்திடுங்க. பழைய நம்பரை அடிக்காம பக்கத்துலயே எழுதி வைங்க, பழைய டயர் திரும்ப ஏறினா அதுதான் வேணும்.