பூட்டிக் கிடக்கும் அரங்கம், ஓடிக்கொண்டிருக்கும் மீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் சுயேச்சைப் பள்ளிகள் 1988-இல் தொடங்கின. கட்டணத்தைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. கல்வி அமைச்சின் மானியமும் கிடைக்கிறது. ஆனால் செலவு கூடும்போதெல்லாம் கட்டணத்தில் கைவைத்தால் அடி விழுவது நடுத்தரக் குடும்பத்தின் மேல்தான். உதவித்தொகைக்கான வருமான வரம்பை அவர்கள் சற்றே தாண்டியிருப்பார்கள், கட்டணம் கட்டவும் திணறுவார்கள். அதனால் கட்டணத்தைத் தொடுவதற்கு முன் பள்ளி வேறு எங்கெல்லாம் தேட வேண்டும் என்பதைப் பேசலாம். நிர்வாகக் குழுவிலோ பெற்றோர் ஆதரவுக் குழுவிலோ இருப்பவர்கள் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டால் நல்லது.

பலருக்கும் முதலில் தோன்றுவது அரங்க வாடகை. மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி விடுமுறைகளைக் கூட்டினால் ஆண்டில் ஏறத்தாழ 12 வாரம் வகுப்பு இல்லை. வார இறுதிகளும் உண்டு. நம் சமூகத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம், நாடகம், பட்டிமன்றம் என்று மேடை தேடுவோருக்குக் குறைவே இல்லை. நிலக் குத்தகை நிபந்தனைகளும் அமைச்சின் விதிகளும் எதை அனுமதிக்கின்றன என்று உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு விலை போட வேண்டும். பல பள்ளிகள் சறுக்குவது அந்த விலையில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். சனிக்கிழமை 5 மணி நேர அரங்கேற்றம், மணிக்கு 200 வெள்ளி. வரவு 1,000 வெள்ளி. மேடை அமைக்கவும் கலைக்கவும் இன்னும் 3 மணி நேரம் ஆகும். ஒலி, ஒளி பார்க்கும் இருவருக்கு 8 மணி நேரத்துக்கு, மணிக்கு 20 வெள்ளி வீதம் 320. காவலுக்கும் மிகைநேர ஊழியருக்கும் 150. துப்புரவுக்கு 180. இனி குளிரூட்டி. அரங்கத்துக்கென்று தனி இயந்திரம் இருந்து, அது 60 கிலோவாட் இழுத்தால், 7 மணி நேரத்துக்கு 420 யூனிட். யூனிட் 30 காசு என்றால் 126 வெள்ளி. பள்ளியின் கையில் 224 வெள்ளி மிஞ்சும். அரங்கம் மையக் குளிரூட்டும் ஆலையோடு இணைந்திருந்தால் கதை வேறு. ஓர் அறைக்காக, முழு வளாகத்துக்கும் குளிர்நீர் தரும் பெரிய இயந்திரத்தையே (சில்லர்) ஓட்ட வேண்டும். குறைந்த சுமையில் அதன் திறன் சரிந்துவிடும். 150 கிலோவாட் இழுத்தால் மின்சாரம் மட்டும் 315 வெள்ளி. மிஞ்சுவது 35 வெள்ளி, இயந்திரத் தேய்மானத்துக்கே போதாது.

ஆகவே அமைக்கும் நேரத்துக்கும் பாதிக் கட்டணமாவது வாங்குங்கள். குளிரூட்டியைத் தனி வரியாகப் பில்லில் போடுங்கள். காலையிலும் மாலையிலுமாக இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே நாளில் சேர்த்தால் அந்தப் பெரிய இயந்திரத்தைக் குளிர்நிலைக்குக் கொண்டுவரும் செலவு ஒருமுறைதான். வைப்புத்தொகையும் கட்டாயம். குத்துவிளக்கின் எண்ணெய் மேடைப் பலகையில் ஊறிவிட்டால் தேய்த்து மெருகேற்ற வேண்டிவரும். விளக்கின் அடியில் அகலமான தட்டு வைக்க வேண்டும், புகை உணர்கருவி பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

செலவுப் பக்கத்தில் எனக்குப் பிடித்த சோதனை மிக எளியது. இரவு 2 மணிக்குப் பள்ளி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? அரைமணிக்கு ஒருமுறை பதியும் மீட்டர் இருந்தால் மின் விநியோக நிறுவனத்திடம் அந்தத் தரவைக் கேளுங்கள். யாருமே இல்லாத நேரத்தில் வரும் அந்த எண்ணை ஒவ்வொரு கிலோவாட்டாகப் பிரியுங்கள். கணினிச் சேவையக அறை, நடைபாதை விளக்கு, தண்ணீர்க் குளிர்கலன், பானம் விற்கும் இயந்திரம், ஆளில்லாத அறையில் அணைக்க மறந்த குளிரூட்டி. 10 கிலோவாட்டைக் குறைத்தாலே ஆண்டுக்கு 87,600 யூனிட் மிச்சம். தண்ணீருக்கும் இதே வழிதான். வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் போன பிறகு மீட்டரைப் படியுங்கள், சனி காலை ஆள் வருமுன் மறுபடி படியுங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள், கழிப்பறைத் தொட்டிகளை முதலில் பாருங்கள்.

உயர் மின்னழுத்த இணைப்பு உள்ள பெரிய வளாகங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் செய்த மின்கொள்ளளவுக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. அதிகமாக ஒப்பந்தம் செய்திருந்தால் வீண்செலவு. மிகக் குறைத்துவிட்டு உச்ச நேரத்தில் தாண்டினால் கூடுதல் விகிதம் கையைக் கடிக்கும். ஓராண்டு உச்ச அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கூரையில் சூரியத் தகடுகளைக் குத்தகை முறையில் பொருத்தினால் பள்ளி முதல் போட வேண்டியதில்லை, மின்சாரத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். இங்கே 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். ஆனால் ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு மேல்கூட நீளலாம். ஐந்தாம் ஆண்டில் கூரை ஒழுகினால் தகடுகளைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது? விடுமுறையில் பள்ளி பயன்படுத்தாத மின்சாரத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா? இந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

துப்புரவாளர் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். துப்புரவாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் படிப்படியான சம்பள உயர்வு முறை அதை அனுமதிக்காது. அனுமதித்தாலும் அது செய்யத்தக்கதல்ல. வேலையின் அளவைச் சீரமைக்கலாம். விடுமுறையில் யாரும் நுழையாத வகுப்பறையை நாள்தோறும் துடைக்க வேண்டாம், கழிப்பறையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கடைசியாக நன்கொடை. விருந்து நிகழ்ச்சிகள் பார்க்கப் பிரம்மாண்டமாக இருக்கும். ஆனால் நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஹோட்டல் மேசைக் கட்டணமே அதை விழுங்கிவிடும். முன்னாள் மாணவர் 300 பேர் ஜைரோ வழியாக, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறையில், மாதம் 20 வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 72,000 வெள்ளி, அதற்கு மண்டபமும் வேண்டாம், பூமாலையும் வேண்டாம். பள்ளிக்கு ஐபிசி தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் பொது நல அமைப்பு என்ற தகுதி, இருந்தால் கொடுப்பவருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கும். படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் கழிவு அவருடைய வருமான வரிக் கணக்கில் தானாகச் சேரும். அதைக் கேட்க மறந்துவிட்டு, ஏப்ரல் மாதத்தில் கொடையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு.