குப்பையில் செய்த டைனோசர்

[திரையில்: டைனோசரின் உடல், மிக அருகில்]

தூரத்திலிருந்து பார்த்தால் டைனோசர். கிட்டே போனால் செதில் மாதிரி தெரிந்தது கார் நம்பர் பிளேட். அதை ஒட்டி ஒரு பழைய ஷூ, உடைந்த பொம்மை. தலை முதல் வால் வரை, யாரோ வேண்டாமென்று எறிந்த சாமான்கள்.

[வரைபடம்: கனெக்டிகட்]

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபர்டு என்ற ஊர். அங்கே குப்பைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் 1993-ல் திறந்தது. அதன் நாயகன்தான் இந்த 24 அடி நீள டைனோசர். செய்தவர் லியோ சூவெல் என்ற கலைஞர். எடை ஒரு டன். ஏன் சரியாக ஒரு டன்? அங்கே ஒரு ஆள் ஒரு வருடத்தில் போடும் குப்பை ஏறக்குறைய அவ்வளவு. அதாவது தினமும் இரண்டரை கிலோ.

பிள்ளைகளுக்கு டைனோசர் போதும். என்னைக் கேட்டால், அங்கே பார்க்கவேண்டியது வேறு. அருங்காட்சியகம் இருந்ததே ஒரு மறுசுழற்சி நிலையத்துக்குள். லாரி வந்து கொட்டுவதையும் தரம் பிரிப்பதையும் மேலே நின்றபடி நேரிலேயே பார்க்கலாம். நிதி இல்லாமல் 2011-ல் அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள். சரி, இன்று இப்படி ஒரு நிலையத்தில் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

[அனிமேஷன்: ஓடும் பெல்ட்]

இரும்பு டப்பாவைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே? அதற்கொரு தந்திரம் இருக்கிறது. பெல்ட்டின் முனையில், உருளைக்குள் காந்தங்கள் படுவேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சி அலுமினியத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த நொடிக்கு டப்பாவே ஒரு காந்தமாகி எதிர்த்துத் தள்ளப்படும். மற்றதெல்லாம் தொப்பென்று கீழே விழ, அலுமினிய டப்பா மட்டும் தவளை மாதிரி தாவி எதிர்ப்பக்கத் தொட்டியில் விழும். இந்தப் பாடு வீண் இல்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, பழைய அலுமினியத்தை உருக்கச் சுமார் 95 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும்.

பிளாஸ்டிக் அவ்வளவு சுலபமில்லை. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், 1 முதல் 7 வரை. 1988-ல் வந்த குறியீடு அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். மறுசுழற்சி ஆகும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முக்கோணத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு பாட்டில் பெரும்பாலும் 2. இந்த இரண்டுக்கும் வாங்க ஆள் உண்டு. மற்றவை திண்டாட்டம்தான்.

[திரையில்: உருளையில் சுற்றிய பிளாஸ்டிக் பை]

அப்புறம் இந்தப் பை. நல்ல எண்ணத்தில்தான் யாரோ மறுசுழற்சித் தொட்டியில் போட்டிருப்பார். அது உருளையில் முடி மாதிரி சுற்றிக்கொள்ளும். பத்து, இருபது சேர்ந்தால் இயந்திரம் திணறும். உடனே மொத்த வரிசையையும் நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும். அறுத்ததை ஓரமாகப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். பெல்ட் மறுபடி ஓடும், அடுத்த பைகள் வந்து சேரும் வரைக்கும்.