டிரம் செட் இல்லாத ராக்: ‘டா லாமா ஆவ் காவோஸ்’ ஆல்பம் எப்படி ஒலிக்குது?

[திரையில்: மரத்தண்டைக் குடைஞ்சு செஞ்ச பெரிய முரசு. பக்கவாட்டுல கயிறு.]

இந்த ஆல்பத்துல டிரம் செட் கிடையாது. கால்ல மிதிக்கிற கிக் இல்ல, ஜோடி சிம்பல் தட்டான ஹை-ஹேட் இல்ல. பிரேசிலோட ரெசிஃபே நகரத்துலேர்ந்து பாடகர் ஷிக்கோ சயன்ஸும் அவரோட நஸாவ் ஸூம்பி குழுவும் 1994-ல போட்ட முதல் ஆல்பம் இது. பேருக்கு ‘சேத்துலேர்ந்து குழப்பத்துக்கு’ன்னு அர்த்தம். மொத்தம் எட்டு பேர்: பாட்டு, கிட்டார், பேஸ், ஒரு காய்ஷா (குச்சியால உருட்டி வாசிக்கிற சின்ன டிரம்), பல தாளக் கருவிகளை வாசிக்கிற ஒருத்தர், அப்புறம் மூணு அல்ஃபாயா, அதாவது திரையில பாக்குற இந்த முரசு.

நாட்டுப்புற இசையை எடுக்குறோம்னு சொல்ற ராக் பேண்டுகள் பொதுவா டிரம்ஸை அப்படியே விட்டுட்டு, ஓரமா ஊறுகாய் மாதிரி ஒரு நாட்டுக் கருவியை வைப்பாங்க. இங்க சோறே மாறிடுச்சு.

அல்ஃபாயா எங்கேர்ந்து வந்துச்சு? மரக்காத்துங்கிற கார்னிவல் ஊர்வலத்துலேர்ந்து. அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள்ள காங்கோ ராஜாவுக்கு முடிசூட்டின சடங்குதான் இதோட வேர். பேர்ல இருக்கிற காத்துக்கும் நம்ம காத்துக்கும் சம்பந்தமில்ல. மரத்துக்கு மட்டும் உண்டு: முரசோட உடம்பு மக்காயிபாங்கிற பனை வகையோட தண்டு. இப்ப பிளைவுட்லயும் செய்றாங்க.

[திரையில்: கயிறு, வளையம், தோல் நெருக்கத்துல.]

ரெண்டு பக்கமும் ஆட்டுத்தோல். மேல் வளையத்துக்கும் கீழ் வளையத்துக்கும் நடுவுல கயிறு கோணல்மாணலா ஓடும். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற கயிறுகளை இழுத்து நெருக்கினா தோல் விறைக்கும், சுருதி ஏறும். தோள்ல மாட்டி, வலது கையில தடிச்ச குச்சி, இடது கையில மெல்லிசான குச்சி. பெருசு மர்காந்தே, அடிப்படை அடியைப் பிடிச்சு நிக்கும். நடுவுல மெய்யாவ். சின்னது ரெபிக்கே, அதுதான் குறும்பு பண்ணும்.

சிக்கல் ஸ்டுடியோவுல ஆரம்பிக்குது. கிக் டிரம்ல ‘டப்’புனு ஒரு முனை இருக்கும், மிக்ஸ்ல அதுதான் தனியாத் தெரியும். அல்ஃபாயாவுக்கு அந்த முனை மழுங்கல், பின்னாடி முழக்கம் நீளம். மூணு பேரும் இம்மி முன்ன பின்ன அடிப்பாங்க. தெருவுல அந்தச் சின்ன விலகல்தான் பிரமாண்டம். மைக்குல அதுவே சேறு. போதாததுக்கு பேஸ் கிட்டாரும் அதே கீழ் அலைவரிசையில, சுமார் 60-லேர்ந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும், குடியிருக்கு. தயாரிப்பாளர் லிமின்யா, ‘ஓஸ் முத்தாந்தேஸ்’ங்கிற பிரேசில் ராக் குழுவுல பேஸ் வாசிச்ச அனுபவசாலி. அப்படியும், மேடையில இருந்த கனம் ரெக்கார்டிங்ல வரலன்னு நேர்ல கேட்டவங்க பல பேர் குறை சொன்னாங்க.

நீங்க இப்படி முரசுகளைப் பதிவு பண்றதா இருந்தா, முதல்ல சுருதி. கடற்கரை ஈரத்துல தோல் தொய்யும், ஏசி அறையில இறுகும். நம்ம பறைக்கு நெருப்பு காட்டுற மாதிரி இங்க கயிறு. முரசு ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே இருக்கட்டும், அப்புறம் இழுங்க. ஒவ்வொண்ணுக்கும் மேல் தோல்லேர்ந்து ஒரு சாண் தள்ளி ஒரு மைக், கீழ ஒரு மைக். கீழ் மைக்கோட ஃபேஸை, அதாவது ஒலி அலையோட ஏற்ற இறக்கத்தை, திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல் தோல் உள்ள போகும்போது கீழ்த்தோல் வெளிய வரும், திருப்பலன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சு முரசு தகரம் மாதிரி ஆயிடும். ஈக்வலைசர்ல 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைச்சா பெட்டிக்குள்ள அடிக்கிற சத்தம் போகும். பெருசை நடுவுல வைங்க, மத்த ரெண்டையும் இடம் வலமாப் பிரிங்க. இவ்வளவுக்கும் மசியலன்னா ஈக்வலைசரை விட்டுட்டு பேஸ் வாசிக்கிறவர்கிட்ட போங்க: மர்காந்தே அடிக்கிற இடத்துல அவர் விட்டுக்கொடுத்து, இடைவெளியில வாசிக்கணும்.

சிம்பல் இல்லாததால மேல் பக்கம் காலியாக் கிடக்கும். அதை காய்ஷாவோட உருட்டலும், லூசியோ மாயாவோட டிஸ்டார்ஷன் கிட்டாரும் நிரப்புது. ஷிக்கோவோட குரலும் தாளம்தான்: பாதி ராப், பாதி எம்போலாதா, அதாவது நாக்கு சுளுக்குற வேகத்துல பாடுற வடகிழக்கு பிரேசில் போட்டிப் பாட்டு.

1996-ல ரெண்டாவது ஆல்பம் ‘அஃப்ரோசிபெர்டெலியா’வுல புப்பில்லோ டிரம் செட்டோட வந்து சேர்ந்தார். அல்ஃபாயாக்கள் போகல, பக்கத்துலேயே நின்னுச்சு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க, ஆனா ஹெட்ஃபோன்ல. போன் ஸ்பீக்கர்ல அந்தக் கீழ் முழக்கம் வரவே வராது, குச்சி தோல்ல படுற சத்தம்தான் மிஞ்சும்.