தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. வலைக்கூடத்தை ஒட்டிய டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். ஊர்ச் செய்தியை அதில் எழுதுவது எங்கள் மகளிர் குழுவின் பொறுப்பு. இப்போது அந்தச் சாக்பீஸ் என் கையில் இருக்கிறது. அந்தப் பலகையைப் பற்றியும், வரப்போகிற நாட்களில் கரையோர ஊர்களில் என்னென்ன இருக்கிறது என்றும் இந்த வானொலியில் பேச அழைத்தார்கள். சந்தோஷமாக வந்தேன். செய்திகளைச் சொல்கிறேன். கூடவே, நெடுநாளாக மனசில் கிடக்கும் ஒரு கோரிக்கையையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் செய்தி காற்று. செப்டம்பர் முடியப் போகிறது, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கி வருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். அதனால் தென்கரைக்காரர்களில் பலர் படகை வடகரைக்குக் கொண்டுபோய் வைத்துத் தொழில் பார்ப்பார்கள். வாடை என்கிற வடகிழக்குக் காற்று பிறந்தால் கதை மாறும். வடகடல் கலங்கும், தென்கடல் அமரும். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரியும், டீக்கடையில் பால் கூடுதலாகக் காயும். ஊரில் ஆள் கூடுகிற இந்த நேரத்தில்தான் பேச வேண்டிய விஷயங்களைப் பேசி முடிக்க முடியும்.

இரண்டாவது செய்தி, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் நடப்பதை ஏழு நாளுக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும். 501-லிருந்து 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் குறைந்தது 100 பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊராட்சிகள் பலவற்றுக்கு இந்தக் கணக்குதான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

சரி, அந்த 100 பேர் எங்கிருந்து வருவார்கள்? என் கோரிக்கை இங்கேதான் தொடங்குகிறது.

கரையில் இருக்கிறவனுக்குத் திங்கள், செவ்வாய் என்று ஏழு கிழமை. கடலில் போகிறவனுக்கு வாரம் வேறு மாதிரி. வடகடலில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. எங்கள் ஊரிலிருந்து மண்டபம் போய் விசைப்படகில் ஏறுகிற பிள்ளைகள் நிறைய உண்டு. திங்கள் காலை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனவன் செவ்வாய் காலைதான் கரை பிடிக்கிறான். மீனை இறக்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு, ஏலம் முடிந்து, பங்கு கணக்குப் பார்த்து வீட்டுக்கு வந்து படுக்கும்போது மதியம் ஆகிவிடும். புதனுக்கு மறுபடியும் கிளம்ப வேண்டும். அவனைப் புதன்கிழமை காலை 10 மணிக்கு ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னால் எப்படி வருவான்? அவன் அப்போது கரையே தெரியாத இடத்தில் இருப்பான்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கு. கடல்பாசி எடுக்கிற பெண்கள் எங்கள் கரையில் ஏராளம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற இரண்டு வகைப் பாசிதான் அவர்கள் பிழைப்பு. விரல் ஒவ்வொன்றுக்கும் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பாறை கிழிக்காமல் இருக்க அதுதான் வழி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து, மேலே வந்து பையில் போட்டுவிட்டு மறுபடி முங்குவார்கள். மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே பேசி வைத்த ஒழுங்கு அது. பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காகத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இந்தப் பெண்களின் சங்கத்தை நடத்திய பாம்பன் சின்னப்பாலம் லெட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். உலகத்துக்குத் தெரிந்த ஒழுங்கு, பக்கத்தில் இருந்து தேதி குறிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. அந்த வருத்தத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். நல்ல காரியம். பந்தல், நாற்காலி, மருந்து எல்லாமே வந்தன. ஆனால் தேதி பௌர்ணமிக்கு மறுநாள், கிழமை புதன், நேரம் காலை 10. ஆண்கள் விசைப்படகில், பெண்கள் பாசிக்கு. வந்தது சில பாட்டிமார்களும் தாத்தாக்களும்தான். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் பாடுபட்டுக் கண் சிவந்து கிடக்கிறவர்கள் அந்தப் பாசிப் பெண்கள். அவர்கள் பை கனக்கக் கரையேறி வந்தபோது பள்ளிக்கூட வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா ஈரத் துணியோடு அப்படியே வேன் பக்கத்தில் போய் நின்று, "எனக்கு மட்டுமாவது பாத்துருங்க தம்பி" என்று கேட்டார். பெட்டியைக் கட்டிவிட்டோம், அடுத்த முறை வாங்க என்றார்கள். இந்த ஊர் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று பிறகு பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆர்வம் இருந்தது. தேதிதான் தப்பு.

திருவிழாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை, கவனித்தீர்களா? ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா, இஸ்லாமிய மாதமான துல்கஃதாவில் பிறை பார்த்து வருகிறது. ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் தீர்த்தமாட வருகிற கூட்டம், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் மேல் சாத்திய சந்தனம் களைவதைப் பார்க்கப் போகிற கூட்டம் எல்லாம் மாதக்கணக்கில் முன்னாடியே தயாராகிவிடும். உள்ளூர்க் கோயில் கொடை என்றாலும், கந்தூரி என்றாலும், மாதா கோயில் கொடியேற்றம் என்றாலும் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, அன்றைக்குக் கடலுக்கு யாரும் போவதில்லை என்று முடிவு செய்து ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவனைக் கேட்டுத்தான் அங்கே நாள் குறிக்கப்படுகிறது. முகாம் நடத்துகிறவர்களும் கூட்டம் நடத்துகிறவர்களும் அதையே செய்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். ராமேஸ்வரத்திலிருந்து படகில் போக, முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். போக ஆசைப்படுகிறவர்கள் அடையாள அட்டை நகலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள் சரி என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் வியாழன் சாயந்திரமும் ஞாயிறு சாயந்திரமும் நல்லது. புதன் போன படகு வியாழன் காலை வந்திருக்கும், சனி போன படகு ஞாயிறு காலை வந்திருக்கும். ஆட்கள் தூங்கி எழுந்து டீ குடிக்க வருகிற நேரம். ஞாயிறு காலை பூசை முடிந்திருக்கும், வெள்ளி ஜும்மா தொழுகையோடும் மோதாது. நாட்டுப்படகுக்காரர்களில் சிலருக்கு இதிலும் சிரமம் உண்டு, மறுக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிட்டால் பெண்களும் வருவார்கள். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். தேதி குறிக்கும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

தேதி சரியாக இருந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும், அது தனி வேலை. முன்பு தண்டோரா இருந்தது. ஒருவர் கையில் தப்பு மேளத்தைக் கொடுத்துத் தெருத்தெருவாகக் கத்த வைக்கிற முறை வேண்டாம் என்று 2022-இல் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொன்னது. நிறுத்தியது சரி, அது ஒரு மனிதரைத் தாழ்த்துகிற வேலை. ஆனால் அந்தச் சத்தம் கேட்ட எல்லா வீட்டுக்கும் இன்றைக்குச் செய்தி போகிறதா? வாட்ஸ்அப்பில் போட்டாச்சு என்கிறார்கள். பல வீட்டில் போன் ஒன்றுதான், அது வீட்டுக்காரரோடு கடலுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நாங்கள் பலகையை விடவில்லை. முதலில் பலகையில் எழுதுவோம். அப்புறம் தெருவுக்கு ஒரு பெண் பொறுப்பெடுத்து, படி ஏறிச் சொல்லிவிட்டு வருவார். பள்ளிவாசல் மைக்கிலும் கோயில் மைக்கிலும் கேட்டால் இரண்டு பேரும் சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் நாள், கிழமை, நேரம், இடம், கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்ற ஐந்தும் இல்லாமல் பலகையில் ஏற்றமாட்டோம். ஆதார் நகல் கொண்டுவரச் சொல்லாமல் விட்டால், ஒரு கிழவி வெயிலில் இரண்டு தடவை நடப்பார். அதற்காகத்தான் இந்தப் பிடிவாதம்.

பலகையில் முதலில் எதைப் படிக்கிறார்கள் தெரியுமா? தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்ற அந்த ஒரு வரிக்குத்தான் காலையில் குடத்தோடு நிற்பார்கள். அடுத்தது மின்தடை. கரண்ட் இல்லை என்றால் ஐஸ் கிடைக்காது, ஐஸ் இல்லை என்றால் மீன் விலை போகாது. கல்யாணம், காதுகுத்து, யாருக்கு ரத்தம் வேண்டும், யார் வீட்டு ஆடு காணோம் என்பதெல்லாம் அதற்குக் கீழே.

இனி மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பலகையின் மேல் ஓரத்தை வானிலைக்கென்றே ஒதுக்குகிறோம். பாம்பன் துறைமுகத்தில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது, காற்று எத்தனை கிலோமீட்டர், அலை எத்தனை மீட்டர் என்று இந்த வானொலியில் கேட்டு எழுதுவோம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். படகில் போகிறவர்கள் கடலோரக் காவல்படையின் 1554-ஐ போனில் பதிந்துகொள்ளுங்கள். கரையோரப் பாதுகாப்புக்கு 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்றையும் பலகையில் பெயின்டிலேயே எழுதிவிட்டோம், மழையில் அழியாமல் இருக்க.

நவம்பர் 1 இன்னொரு கிராம சபை. நவம்பர் 21 உலக மீனவர் தினம். நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்கள் இப்போதே ஊர்த் தலைவரையும் மகளிர் குழுவையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, அக்டோபர் 2-க்கு எங்கள் குழு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் எந்தத் துறை முகாம் நடத்தினாலும், படகு போகிற கிழமையையும் பாசி எடுக்கிற நாளையும் ஊராட்சியிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிக்க வேண்டும். அறிவிப்பு ஏழு நாளுக்கு முன் பலகைக்கு வர வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. கூட்டம் நடக்கும் நாள் படகு போகிற நாளாக அமைந்தால், ஆண்கள் இல்லாவிட்டாலும் நாங்கள் வந்து 100 பேர் கணக்கை நிறைத்துவிடுவோம். வேறு கரையோர ஊர்களிலும் இதே தீர்மானத்தை வைக்கலாம். எழுதிய தாள் வேண்டுமென்றால் எங்கள் டீக்கடைக்கு வாருங்கள், நகல் எடுத்துத் தருகிறோம்.

நன்றி. வணக்கம்.